பங்குனி வெயிலில் அட்டை

அவருடைய இடுப்பில் எப்போதும் ஒரு துணிக் கிழி செருகியிருக்கும். உள்ளே கல்லுப்பும் இடித்த புகையிலையும். ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிறவர்கள் எல்லாரிடமும் இருக்கிற சாமான்தான். மழை பிடித்துவிட்டால் மலையில் இலைக்கு இலை அட்டை நீட்டிக்கொண்டு நிற்கும். காலில் ஏறியது தெரிந்தால் கிழியை நனைத்து ஒற்ற வேண்டும், சுருண்டு விழுந்துவிடும். ஊருக்கு இறங்கி வந்ததும் மற்றவர்கள் கிழியை ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த மழை வரை மறந்துவிடுவார்கள். இவர் மட்டும் போடிநாயக்கனூர் வீட்டுக்குள், தரை வெடித்துக் கிடக்கும் பங்குனியில், மோர் கடையும்போதும் அதை இடுப்பில் வைத்திருப்பார்.

அந்த வீட்டு மாடி அறையில் நான் குடியிருந்தேன். பெண்கள் பள்ளியில் வேலை. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை டீச்சரு என்பார்.

குடிவந்த புதிதில் ஒரு நாள் காலையில் கிணற்றடியில் அவர் நீர் இறைத்துக்கொண்டிருந்தார். அரக்குச் சேலை. மற்றப் பெண்களைவிட இரண்டு மடிப்பு கூட வைத்துப் பின்கொசுவம் கட்டுவார். அந்தக் கொசுவத்துக்குக் கீழே சேலை கறுத்து நனைந்திருந்தது. குதிகாலில் சிவப்பாக ஒரு கோடு.

“அக்கா, காலில் ரத்தம்.”

அவர் வாளியை மேடையில் வைத்தார். குனிந்து பார்த்தார். கிழியை எடுத்துத் தண்ணீரில் தொட்டுக் குதிகாலில் ஒற்றினார்.

“அட்டை கடிச்சிருச்சு டீச்சரு” என்றார்.

நான் ராமநாதபுரத்து வறண்ட சீமையில் பிறந்தவள். அட்டையைப் பார்த்ததே இல்லை. அது எங்கே இருக்கும், எந்த மாதத்தில் இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? நம்பினேன். மலையடிவாரத்து ஊர், இறங்கி வருமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவுக்கும் அந்த அட்டை பழக்கமாகியிருந்தது. எதிர் வீட்டு அம்மாள் வாசல் தெளித்துக்கொண்டே கேட்பார்: “ஏத்தா, உங்க தோட்டத்து அட்டையெல்லாம் உன் பின்னாடியே எறங்கி வந்துருது போல?”

“எங்க போகும் அதுக, பாவம்” என்பார் அக்கா. “சோறு போட்ட வீடு.”

கேட்டவரும் சிரித்துவிடுவார். சிரித்தபின் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அக்காவின் பேச்சில் இருந்த சாமர்த்தியம் அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்து செய்கிற வேலைக்குக் குந்துவார். பாதத்தைத் தவிர எதுவும் தரையில் படாது. விசேஷ வீடுகளுக்குப் போனால் தூணோரம் நிற்பார். ஜமக்காளத்தைத் தட்டிக் காட்டி “உக்காரு மதினி” என்று யாராவது கூப்பிட்டால், “உக்காந்தா எந்திரிக்க மனசு வராது, மேலே சோலி கெடக்கு” என்பார்.

மேலே என்றால் மலை. அவர் கணவருக்கு அங்கே சிறிய ஏலத்தோட்டம் ஒன்று இருந்தது. கணவர் திங்கட்கிழமை ஏறினால் வெள்ளிக்கிழமை இறங்குவார். அதிகம் பேசமாட்டார். முன்பெல்லாம் அக்கா வருடத்துக்கு ஒரு முறை, அறுப்பு முடிந்து மலைச்சாமிக்குப் பொங்கல் வைக்கத்தான் போவாராம். நான் வந்த காலத்தில் மாதத்தில் பாதி நாள் மேலேயே இருந்தார். ஜீப்பில் ஏறும்போது கையில் ஒரு சாக்கு மடித்து வைத்திருப்பார். அதை விரித்துத்தான் உட்காருவார். “சேலை அழுக்காயிருமாம், மகாராணிக்கு” என்று தெரு பேசியது. புருசனைத் தனியே விட மனசில்லை என்றும் பேசியது.

அதை ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். “அவுகளையா? எவளாச்சும் கொண்டு போறதுன்னா கொண்டு போகட்டும்” என்றார் அக்கா. “அவுக குறட்டைக்குப் பயந்துதான் யானையெல்லாம் தேவாரம் ஊருப் பக்கம் எறங்குது.”

அந்த வீட்டின் சட்டம் நாத்தனார் கையில் இருந்தது. அக்காவின் கணவருக்கு மூத்தவர்; அக்கா அவரை மதினி என்பார். சிறு வயதிலேயே தாலியறுத்துத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். வெள்ளைச் சேலை, ஒட்டிய கன்னம், குறைந்த பேச்சு. மாட்டுக்கொட்டத்தை ஒட்டி ஓர் அறை இருந்தது. வீட்டுப் பெண்களுக்குத் தூரமானால் மூன்று நாள் அங்கே. தனித்தட்டு, தனிச்செம்பு, தனிப்பாய். நான்காம் நாள் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம். குடியிருக்க வந்த எனக்கும் அதே சட்டம்தான். அறையைக் காட்டியபோது நாத்தனார் என்னிடம் சொன்னார்: “மூணு நாளு. அதுக்கு மேல ஒரு பொழுது வேண்டாம், அதுக்குக் கொறையவும் வேண்டாம்.” சுவரில் ஈரம் ஏறி, சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. நான் அங்கே போன நாட்களில் சோற்றுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவது அக்காதான். நான் இருந்த காலம் முழுவதும் அக்கா ஒரு முறைகூட அந்த அறைக்குப் போகவில்லை. அவருக்கு நின்றுபோயிருக்கும் என்று நினைத்தேன். அந்த வயதுதான்.

புரட்டாசியில் காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு அவரோடு மேலே போனேன். முந்தல் ஊரைத் தாண்டி ஏறுகிற பாதையில் ஜீப்பு, அப்புறம் ஒற்றையடித் தடம். தடத்தில் அக்கா அடிக்கடி நின்றார். நிற்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு மரத்தைக் காட்டிப் பெயர் சொன்னார். மரத்துக்காக நிற்கவில்லை என்பது மூச்சில் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. மடியில் பச்சரிசி வைத்து மென்றுகொண்டே வந்தார்.

தோட்டத்தில் நான் பார்த்தது வேறொரு பெண்ணை. ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணோடு மண்ணாகக் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. காயெடுக்கிற பெண்கள் ஒவ்வொரு தூராக உட்கார்ந்து நகர வேண்டும். அக்கா அவர்களோடு ஈரச் சருகில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பாறையில் உட்கார்ந்தார், விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தார், நனைந்த கோணியில் உட்கார்ந்தார். அங்கே எல்லார் சேலையிலும் கறை இருந்தது. முழங்காலில், கெண்டைக்காலில், கொசுவத்தில். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் லேசில் உறையாது. யாரும் யாருடைய சேலையையும் திரும்பிப் பார்க்கவில்லை. மாலையில் ஓடையில் கூட்டமாக உட்கார்ந்து, பேசிச் சிரித்துக்கொண்டே சாம்பலும் மண்ணும் போட்டு அலசினார்கள். அக்காவும் அலசினார். அவர் அலசியதில் பழஞ்சேலைக் கிழிசல்கள் கொஞ்சம் அதிகமாகவே இருந்தன.

தோட்டத்து நடுவில் காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்தது. வெளியே அடுப்பில் விறகெரிய, உள்ளே இரும்புக் குழாய்கள் வழியாக அனல் ஓடி, காய் பச்சை மாறாமல் காயும். தூரமான பெண்கள் உள்ளே போகக்கூடாது; அடுப்புக்கு மேலே மலைச்சாமிக்கு விளக்கு மாடம் உண்டு. அக்கா முதலாளி வீட்டுப் பெண். அவர் போனால் யார் தடுக்கப் போகிறார்கள்? போகவில்லை. ஸ்டோரின் பின்சுவரில், வெளிப்பக்கம், முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, அடிவயிற்றைச் சுவரோடு அழுத்தி நின்றார். வாயைத் திறந்து மூச்சு விட்டார்.

“குளிரு டீச்சரு” என்றார், நான் பார்ப்பது தெரிந்து.

அந்தச் சுவரைக் கவனித்தேன். வெள்ளையடித்த சுவர். இடுப்பு உயரத்தில் மட்டும் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை, எண்ணெய் ஏறி, தேய்ந்து, பளபளவென்று. ஒரு முதுகு சாய்ந்து அவ்வளவு தேயாது. காயெடுக்கிறவர்களில் மூத்தவள், எல்லைக்கு அந்தப் பக்கம், மலையாள தேசத்தில் பிறந்தவள், கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

“டீச்சரே, இது பொம்பளைகளோட செவரு. வயறு வேதனை வந்தா இவிட சாஞ்சா கொறையும். மொதலாளி அம்மையும் வரும், ஞானும் வரும். செவரு ஆளு பாக்காது.”

மறுநாள் என்னை அட்டை கடித்தது. கடித்தது தெரியவில்லை, செருப்பு வழுக்கியபோது குனிந்து பார்த்தால் ரத்தம். கணுக்காலில் திராட்சைப்பழம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கத்தியிருப்பேன் போலிருக்கிறது. அக்கா வந்து என்னைப் பாறையில் உட்கார வைத்து, கிழியால் ஒற்றினார். அது விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை.

“பயப்படாதீங்க. அட்டை எச்சில்ல அப்பிடி ஒரு கொணம் இருக்கு. கொஞ்ச நேரம் ஒழுகும், அப்புறம் தன்னால நின்னுரும்.” புகையிலையைக் கசக்கிக் காயத்தில் வைத்துக் கட்டினார். “இது நிக்கிற ரத்தம்.”

நான் என் கணுக்காலைப் பார்த்தேன். பிறகு அவருடைய காலை. அவர் கணுக்காலில், கெண்டைக்காலில், எங்கும் ஒரு கடிவாய்கூட இல்லை. அப்படியானால் கிணற்றடியில் நான் பார்த்தது எந்த அட்டை?

“நிற்காத ரத்தமும் இருக்கிறதா அக்கா?”

அவர் கீழே விழுந்த அட்டையை ஒரு குச்சியால் புரட்டிக்கொண்டிருந்தார்.

“போன வருசம் சித்திரையில ஆரம்பிச்சது” என்றார். “மூணு நாளு அந்த ரூம்புல இருந்தேன். நாலாம் நாள் தலைக்கு ஊத்தி உள்ள வந்தேன். பொழுது சாய மறுபடி. திரும்ப மூணு நாளு. வைகாசி பூரா அங்கதான். ஆனியும் அங்கதான். தட்டு வாசலுக்கு வரும், நாய்க்கு வர்ற மாதிரி. சிலமலை மருத்துவச்சி வந்து பாத்தா. பெரும்பாடுன்னா. வாழைப்பூச் சாறு குடுத்தா, மாதுளை ஓடு அரைச்சுக் குடுத்தா. நிக்கப் போற வயசு, கொட்டித்தான் நிக்கும்னுட்டுப் போயிட்டா. நடுவுல ஒரு வாரம் சும்மா இருக்கும். நின்னுருச்சுன்னு மாரியாத்தாளுக்கு வெளக்குப் போடுவேன். மறுபடி வரும், அடிவயித்துல கத்திய வச்சுத் திருகுன மாதிரி.”

“அப்புறம்?”

“ஆடியில, கொஞ்சம் விட்டிருந்த நேரம், அவுககூட மேல வந்தேன். எறங்கும்போது திரும்ப வந்துருச்சு. வாசப்படி ஏறுறேன், பின்னாடி நனைஞ்சு கெடக்கு, எனக்கே தெரியும். மறுபடி அந்த ரூம்புதான்னு நெனச்சுக்கிட்டேன். மதினி நிலைப்படியில நின்னு என்னையப் பாத்தாக. அப்புறம், ‘அட்டையா’ன்னு கேட்டாக.” அக்கா சிரித்தார். “ஆமான்னுட்டேன். ‘குளிச்சுட்டு உள்ள வா’ன்னுட்டுப் போயிட்டாக. பாவம், சூதுவாது தெரியாத மனுசி. அன்னையிலேருந்து அட்டைதான்.”

“டாக்டரிடம் போகலாம் அக்கா.”

“போனா ஊருக்குத் தெரியும். தெரிஞ்சா அந்த ரூம்பு. மூணு நாளுன்னா இருக்கலாம் டீச்சரு. ஆயுசுக்கும்னா?” எழுந்தார். ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டார். “செத்தா என் அடுப்படியில சாகுறேன்.”

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அந்தக் கார்த்திகையிலும் மார்கழியிலும் அவர் வெளுத்துக்கொண்டே போவதைப் பார்த்தேன். கீழிமையை இழுத்துப் பார்த்தால் காகிதம் போலிருந்தது. மாடிப்படியில் பாதியில் நிற்பார். பச்சரிசி போதாமல் அடுப்பு மண்ணைப் பெயர்த்து வாயில் போட்டார். நான் இரண்டு தரம் பேச்சை எடுத்தேன். இரண்டு தரமும் மேலே சோலி இருந்தது.

அடுத்த பங்குனியில், உத்திரத்துக்கு மதுரையிலிருந்து உறவுப் பெண் ஒருவர் வந்திருந்தார். அக்காவின் கணவருக்கு ஒன்றுவிட்ட தம்பி மனைவி. கூடத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா பரிமாறினார். ரசம் ஊற்றிவிட்டுத் திரும்பியதும் அந்தப் பெண் சொன்னார்:

“அக்கா, சேலையில பின்னாடி என்னமோ இருக்கே.”

“அட்டை” என்றார் அக்கா.

“பங்குனியிலயா?”

எல்லாக் கைகளும் இலையில் நின்றன. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மலையிலேயே அட்டை மண்ணுக்குள் போயிருக்கும் காலம். அக்காவிடம் எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கும். அன்றைக்கு அவர் ரசச் சட்டியைத் தரையில் இறக்கி வைத்தார்.

நாத்தனார் தூணோரம் குந்தி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“நேத்து மேலேருந்து வந்த ஏலக்கா மூட்டையில கெடந்துச்சு” என்றார். “நாந்தான் உப்பப் போட்டுக் கொன்னேன். ஒண்ணு தப்பிச்சுருச்சு போல. நீ போயிச் சேலைய மாத்திட்டு வா. வெரசா.”

மதுரைப் பெண் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தன்னைச் சுற்றித் தேடினார். அக்கா உள்ளே போனார். சாப்பாடு தொடர்ந்தது.

ஏலக்காய் மூட்டையில் அட்டை இருக்க முடியாது. அனலில் கிடந்து காய்ந்து சலசலக்கிற சரக்கு அது. ஒரு வருடம் அந்த ஊரில் இருந்த எனக்கே அது தெரியும். நாத்தனார் பிறந்து வளர்ந்தது அந்த மூட்டைகளுக்கு நடுவில்.

அன்று பிற்பகல் அக்கா அடுப்படியில் விழுந்தார். நான் தண்ணீர் தெளித்தேன். நாத்தனார் அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மதுரையில பொம்பளை டாக்டரு இருக்காகளாமே. உங்களுக்கு எடம் தெரியுமா?”

மதுரையில்தான் நான் ஆசிரியப் பயிற்சி படித்தேன். தெரியும் என்றேன்.

அக்கா கண்ணைத் திறந்தார். “ஒண்ணுமில்ல மதினி. அட்டை...”

“எந்த அட்டையும் இவ்வளவு குடிக்காது” என்றார் நாத்தனார். “இம்புட்டு நாளா நான் பாத்துக்கிட்டேன். இனிமே டாக்டரு பாக்கட்டும். கெளம்பு.”

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் ரயிலில் போனோம். பெட்டியில் ஏறியதும் அக்கா வழக்கம்போல் நின்றார். சாக்கை மறந்துவிட்டிருந்தார். நாத்தனார் தன் பையிலிருந்து மாற்றுச் சேலையை எடுத்து, நாலாக மடித்து, பலகையில் போட்டார். துவைத்து வெளுத்த வெள்ளை.

“கறை படும் மதினி.”

“படட்டும். உக்காரு.”

அக்கா உட்கார்ந்தார். உசிலம்பட்டிக்கு அப்பால் எங்கேயோ அக்கா தூங்கி, தலை நாத்தனார் தோளில் சரிந்தது. நாத்தனார் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: “எத்தனை நாளாக இருக்கிறது?”

அக்கா பழக்கத்தால் கிழியைத் தடவினார். பதில் நாத்தனாரிடமிருந்து வந்தது.

“முந்தா வருசம் சித்திரையில தொடங்குச்சுங்க. அந்த ஆடியில கொஞ்சம் விட்டுச்சு. ஐப்பசியில கட்டி கட்டியாப் போச்சு. தையில ஒரு வாரம் இல்ல. போன ஆனியில ரொம்ப, நிக்கவே முடியல. தீவாளி அன்னைக்கு வலி தாங்காம அம்மிக்கல்லப் பிடிச்சுக்கிட்டு நின்னா. இப்ப ஒரு மாசமா விடவே இல்ல.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டே நிமிர்ந்து, “நீங்கள் அம்மாவா?” என்றார்.

“நாத்தனா.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கர்ப்பப்பையில் கட்டி வளர்ந்திருந்தது. பையோடு எடுக்க வேண்டும், அதற்கு முன் உடம்பில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். கணவர் மலையிலிருந்து நேராக வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு படுத்தார். புட்டி நிறைவதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஏங்க, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கங்க” என்று மட்டும் சொன்னார். 

ஆபரேஷன் அன்று நானும் நாத்தனாரும் தாழ்வாரத்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். முற்றத்தில் வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. அக்காவின் உப்புக் கிழி நாத்தனார் கையில் இருந்தது. உள்ளே கொண்டுபோகும்போது அக்கா கழற்றிக் கொடுத்தது.

“அன்றைக்கு வாசலில் ‘அட்டையா’ என்று கேட்டீர்களாமே” என்றேன். “அப்போதே தெரியுமா?”

நாத்தனார் கிழியை விரலால் உருட்டினார். உப்பு நறநறத்தது.

“எனக்கும் இருந்துச்சு டீச்சரு. இவ வயசுலதான். எங்காத்தா இருந்தாக அப்ப. ஒரு வருசத்துக்கு மேல அந்த ரூம்புல கெடந்தேன்.” தன் சேலையைக் காட்டிச் சொன்னார்: “நான் உடுத்துனது வெள்ளை. எந்த அட்டையச் சொல்லி மறைக்க?”

அவர் கிழியை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“சட்டத்த மாத்த எனக்கு ஏலாது. எங்காத்தா வச்ச சட்டம். சாமி பயம் வேற. ஆனா மலையிலேருந்து எறங்குறவளப் பாத்து அட்டையான்னு கேக்கலாமில்ல? அதுல தப்பில்லையே?”

தப்பில்லை என்றேன்.

அக்கா வைகாசியில் வீடு திரும்பினார். ஆனியில் அடுப்படிக்குள் நடந்தார். மெலிந்திருந்தார், உதட்டில் நிறம் வந்திருந்தது. பையை எடுத்துவிட்டால் பெண்ணே இல்லை என்று தெருவில் ஒருத்தி சொன்னது அவர் காதுக்கு எட்டியது. “ஆமா, நேத்து அவுக குறட்டை விடும்போது எழுப்பி மீசை இருக்கான்னு பாக்கச் சொன்னேன். இல்லைன்னுட்டாக” என்று பதில் அனுப்பினார்.

நாத்தனார் சொன்னபடி சட்டம் மாறவில்லை. நான் மாற்றலாகிப் போகும்வரை மாதத்தில் மூன்று நாள் மாட்டுக்கொட்டத்து அறைக்குத்தான் போனேன். ஆனால் அக்கா கொத்தனாரைக் கூப்பிட்டு, முற்றத்தில் இருந்த வெந்நீர் அடுப்பை இடித்து, அந்த அறையின் பின்சுவரை ஒட்டிக் கட்டச் சொன்னார். நாத்தனார் பக்கத்தில் நின்று, “இன்னுங் கொஞ்சம் ஒட்டி வையி, அனல் உள்ள தெரியணும்” என்றார். ஈரச் சுவர் காய்ந்தது. மூன்று நாளும் நான் அதில் முதுகைச் சாய்த்து விடைத்தாள் திருத்தினேன். சீக்கிரமே இடுப்பு உயரத்தில் ஒரு பட்டை விழுந்துவிட்டது.

ஆடியில் மலை இருண்டது. டாக்டரம்மா மேடு ஏறக்கூடாது என்று சொல்லியிருந்த கெடு முடிந்த மறுவாரமே அக்கா மேலே போனார். ஜீப்பில் சாக்கில்லாமல் ஏறினார். மூன்றாம் நாள் நனைந்துகொண்டு இறங்கி வந்தார். நானும் நாத்தனாரும் நிலைப்படியருகில் நின்றோம். வாசற்படியில் அவர் வைத்த இடது பாதம் சிவப்பாகப் பதிந்தது.

நாத்தனாரின் முகம் செத்துப்போயிற்று. படியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்கா சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கினார்.

“நெசமாவே அட்டை, மதினி.”

நாத்தனார் நம்பவில்லை. குனிந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே, குடித்துக் கொழுத்து, நிஜமான ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் அதைத் தொட்டும் பார்த்தார்.

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவும் சிரித்தார். சிரித்தபடியே நடுவாசலில், ஈரப் படியில், தெருவெல்லாம் பார்க்க அழுத்தமாக உட்கார்ந்து காலை நீட்டினார். நாத்தனார் அவர் இடுப்பிலிருந்து கிழியை உருவி, மழைத்தண்ணீரில் நனைத்து, ஒற்றினார்.